கோப்பில் சிக்கிய தமிழை மீட்பது எப்படி?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் சென்ற மாதம் ஒரு சிடியோடு என்னைப் பார்க்க வந்தார். தன் ஊரிலும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும் கிழவிகளிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிய தாலாட்டும் ஒப்பாரியும் அதில் இருக்கின்றன. 2001 இல் டிடிபி கடையில் கொடுத்து அடித்தவை. ஏறத்தாழ இருநூறு பக்கம். அச்சிட்ட படிகளை உறவினர்களுக்குக் கொடுத்துத் தீர்த்துவிட்டார். டிடிபி கடையையும் மூடிவிட்டார்கள். சிடியைக் கணினியில் போட்டால் கோப்பு திறக்கிறது. உள்ளே தமிழைக் காணோம். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கிறது.

“எல்லாம் அழிஞ்சு போச்சா தம்பி?” என்று கேட்டார்.

“ஒரு எழுத்துகூட அழியலீங்க ஐயா. படிக்கிறதுக்குச் சாவி வேணும், அவ்வளவுதான்” என்றேன்.

இவரைப் போலப் பலர் இருக்கிறார்கள். கோயில் தலவரலாறு, சங்க மலர், குடும்ப வரலாறு, முனைவர் பட்ட ஆய்வேடு, சிற்றிதழின் பழைய இதழ்கள் என்று 1990களிலும் 2000களிலும் தமிழில் அடித்து வைத்தவை எத்தனையோ வீடுகளில் இப்படிப் படிக்க முடியாமல் கிடக்கின்றன. வைரஸ் தாக்கிவிட்டது, சிடி கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போடுகிறவர்களும் உண்டு. தூக்கிப் போடாதீர்கள். என்ன நடந்திருக்கிறது, எப்படி மீட்பது என்பதை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

எழுத்தாகத் தெரிவது எண்தான்

கணினி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணைச் சேமிக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று ஓர் அட்டவணை இருக்கும். 1963 இல் அமெரிக்காவில் வெளியான ஆஸ்கி என்ற அட்டவணையில் மொத்தம் 128 இடங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்து ஏ என்றால் 65, சிறிய எழுத்து ஏ என்றால் 97. அரைப்புள்ளிக்கு 59. ஆங்கிலத்துக்கு இது போதும். பிற்பாடு 256 இடங்கள் கொண்ட அட்டவணைகள் வந்தன. கூடுதலாகக் கிடைத்த 128 இடங்களை ஐரோப்பிய மொழிகளின் குறியிட்ட எழுத்துகள் பிடித்துக்கொண்டன.

இதில் தமிழுக்கு இடம் எங்கே? உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று நமக்கு 247 எழுத்து. கிரந்த எழுத்துகள் தனி. அன்றைக்குத் தமிழ் எழுத்துரு செய்தவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். எண்ணைத் தொடாமல் படத்தை மட்டும் மாற்றினார்கள். 106 என்ற எண்ணுக்கு ஆங்கிலச் சிறிய எழுத்து ஜே தெரிய வேண்டிய இடத்தில் ‘த’ என்ற வடிவத்தை வரைந்து வைத்தார்கள். கணினி தன் மனதில் ஜே என்றே நினைத்துக்கொண்டிருக்கும். திரையில் நமக்குத் ‘த’ தெரியும்.

இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் பரவலாக இருந்த பாமினி எழுத்துரு இந்த வகைதான். அதில் ‘தமிழ்’ என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து விசைகளைத் தட்ட வேண்டும். கோப்பில் பதிவாவது 106, 107, 112, 111, 59 என்ற ஐந்து எண்கள். பாமினி எழுத்துரு உள்ள கணினியில் அவை ‘தமிழ்’ என்று தெரியும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்து நான்கும் ஓர் அரைப்புள்ளியும் தெரியும். ஆசிரியரின் சிடிக்கு நேர்ந்தது இதுதான். எண்கள் பத்திரமாக இருக்கின்றன. அவற்றைப் படிக்கச் சொல்லித் தரும் அட்டவணை, அதாவது எழுத்துரு, கூட வரவில்லை.

ஊருக்கொரு அட்டவணை

எல்லாரும் ஒரே அட்டவணையைப் பின்பற்றியிருந்தால் இவ்வளவு பாடு இருந்திருக்காது. ஆளுக்கொரு நிறுவனம், ஆளுக்கொரு எழுத்துரு என்று கிளம்பியதில் ஒன்றில் ‘த’ இருந்த எண்ணில் இன்னொன்றில் ‘மு’ இருந்தது. ஒருவர் அனுப்பிய கோப்பை இன்னொருவர் படிக்க அதே எழுத்துருவை வாங்க வேண்டும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முயன்றவர்களும் நம்மவர்கள்தான். பல நாடுகளில் இருந்த தமிழ்க் கணினி ஆர்வலர்கள் 1990களின் பிற்பகுதியில் கூடிப் பேசி டிஸ்கி என்ற பொது அட்டவணையை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து, தமிழ்நாடு அரசு டேப், டாம் என்ற இரண்டு அட்டவணைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரமாக அறிவித்தது. டேப் என்பது தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுத; டாம் என்பது தமிழ் மட்டும் எழுத. இவற்றோடு பாமினி, வானவில் போன்றவையும் தம் வழியில் தொடர்ந்தன. ஆகவே ஒரு பழைய கோப்பைப் பார்த்ததும் முதலில் எழும் கேள்வி, “இது எந்த அட்டவணை?” என்பதுதான்.

ஒருங்குறியில் என்ன மாறியது?

1991 இல் வந்த யூனிகோடு, நாம் ஒருங்குறி என்று சொல்வது, உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய அட்டவணை. இந்தியாவின் இஸ்கி தரத்தைப் பின்பற்றி அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்களை ஒதுக்கினார்கள். ‘த’ என்றால் 2980. அந்த எண் வேறு எந்த மொழியின் எந்த எழுத்துக்கும் கிடையாது. விண்டோஸ் 2000 லதா என்ற எழுத்துருவோடு ஒருங்குறித் தமிழைக் காட்டத் தொடங்கியது. இன்று உங்கள் செல்பேசியில் தெரியும் தமிழ் முழுவதும் ஒருங்குறிதான். 2010 ஜூனில் தமிழ்நாடு அரசும் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. கூடவே டேஸ் 16 என்ற முறையையும் அறிவித்தது.

பழைய எழுத்துருக்களுக்கும் ஒருங்குறிக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் மாற்றும் வேலையில் பாதி முடிந்த மாதிரி. பழைய எழுத்துரு வடிவத்தைச் சேமித்தது. ஒருங்குறி எழுத்தைச் சேமிக்கிறது.

‘வெ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு வ. தட்டச்சுப் பொறியில் பழகிய விரலும் அப்படித்தான் அடிக்கும். பாமினியிலும் கொம்பு முன்னே, வ பின்னே. ஆனால் சொல்லிப் பாருங்கள்: வகர மெய்யோடு எகரம் சேர்ந்தது ‘வெ’. ஒருங்குறி இந்த ஒலி வரிசையைப் பின்பற்றுகிறது. அதில் வ (2997) முதலில், கொம்பு (3014) அடுத்து. திரையில் காட்டும்போது கொம்பை இழுத்து முன்னே வைப்பது எழுத்துருவின் வேலை. அதனால் எண்ணுக்கு எண் பெயர்த்தால் மட்டும் போதாது. கொம்பு எந்த எழுத்துக்கு உரியது என்று கண்டுபிடித்து அதன் பின்னே கொண்டுபோய் வைக்க வேண்டும்.

மாற்றி வழுக்கும் இடங்கள்

இந்த வேலையைச் செய்யும் மென்பொருளை மாற்றி என்கிறோம். இணையத்தில் இலவசமாகவே பல கிடைக்கின்றன. என்எச்எம் மாற்றி, சுரதாவின் பொங்குதமிழ் போன்றவை பலரும் பயன்படுத்தியவை. நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஓப்பன் தமிழ் என்ற திறமூலத் தொகுப்பு இருக்கிறது. உரையை ஒரு பக்கம் ஒட்டி, எழுத்துருவின் பெயரைத் தேர்ந்து, பொத்தானை அழுத்தினால் மறுபக்கம் தமிழ் வந்துவிடும். அப்படியே நம்பிவிடலாமா? கூடாது. எங்கெங்கே வழுக்கும் என்று தெரிந்து பார்க்க வேண்டும்.

முதலாவது, கொம்புக்கால். ‘கௌ’ என்ற எழுத்தின் வலப்பக்கம் நிற்கும் துண்டு, பார்வைக்கு ‘ள’ போலவே இருக்கும். இடத்தை மிச்சம் பிடிக்கப் பழைய எழுத்துருக்கள் பலவற்றில் அதற்குத் தனி இடம் கொடுக்கவில்லை, ளகரத்தையே பயன்படுத்தினார்கள். ஆகவே கொம்பு, வ, ள என்று வந்தால் அது ‘வௌவால்’ என்பதன் முதல் எழுத்தாகவும் இருக்கலாம், ‘வெளி’ என்பதன் முதல் இரண்டு எழுத்தாகவும் இருக்கலாம். யோசிக்காத மாற்றி எல்லாவற்றையும் ‘வௌ’ ஆக்கிவிடும். ‘வெளிநாடு’ என்பது ‘வௌிநாடு’ ஆகும். இந்தப் பிழையைச் செய்தித் தளங்களில்கூட நீங்கள் பார்த்திருப்பீர்கள். சட்டென்று கண்ணுக்குப் படாது. ஆனால் ‘வெளிநாடு’ என்று தேடினால் அந்தச் செய்தி கிடைக்கவே கிடைக்காது.

அடுத்தது ‘ஔ’. இதையும் ஒ, ள என்று இரண்டு துண்டாகவே அடித்தார்கள். ‘ஒளி’யில் ளகரத்துக்கு அடுத்து மேல்விலங்கு வருகிறது. விலங்கு வந்தால் அது உண்மையான ளகரம் என்று மாற்றிக்குச் சொல்லிக் கொடுக்கலாம். ‘ஔவை’யில் என்ன ஆகும்? ளகரம் போன்ற துண்டுக்கு அடுத்து அங்கேயும் ஒரு குறி வருகிறது: சங்கிலிக்கொம்பு. ஆனால் அது முன்னால் போனதற்கு உரியதல்ல, பின்னால் வரும் வகரத்துக்கு உரியது. வலப்பக்கம் நிற்கும் குறி எது, இடப்பக்கம் நிற்கும் குறி எது என்று பிரித்தறியும் மாற்றிதான் ஒளியையும் ஔவையையும் இரண்டாக்கும்.

மூன்றாவது, காற்புள்ளி. பாமினியில் ஆங்கிலக் காற்புள்ளி இருந்த எண்ணில் ‘இ’ உட்கார்ந்திருக்கிறது. காற்புள்ளிக்கு வேறொரு விசை. அடித்தவர் நடுவில் எழுத்துருவை மாற்றிச் சாதாரணக் காற்புள்ளியைப் போட்டிருந்தால், மாற்றி அதை ‘இ’ என்று பெயர்த்துவிடும். “மதுரைஇ நெல்லைஇ குமரி” என்று வரும். பட்டியல் நிறைந்த கட்டுரையில் இந்த ‘இ’ ஈசல் போல மொய்த்திருக்கும்.

நான்காவது, நடுவில் கலந்த ஆங்கிலம். மாற்றிக்கு எண்தான் தெரியும். அந்த இடத்தில் எந்த எழுத்துரு இருந்தது என்பது, வெறும் உரையாக ஒட்டிய பிறகு தெரியாது. ஃபிலிம் என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடித்திருந்தால், பாமினி மாற்றியில் அது ‘கடைஅ’ என்று வெளியே வரும்.

ஐந்தாவது, கண்ணுக்கே தெரியாத ஒன்று. ‘தொ’ என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒருங்குறியில் சேர்த்து ஒரே எண்ணாகவும் (3018) வைக்கலாம். தனித்தனி எண்ணாகவும் (3014, 3006) வைக்கலாம். இரண்டும் ஒன்றே என்று ஒருங்குறி விதி சொல்கிறது. ஆனால் எளிய தேடல் நிரல்கள் சிலவற்றுக்கு அது தெரியாது. பார்வைக்கு ஒரே சொல், தேடினால் பாதி இடத்தில்தான் கிடைக்கும். நல்ல மாற்றி எல்லாவற்றையும் ஒரே எண்ணாக்கிச் சீர்செய்துவிடும்.

நீங்களே செய்யும் முறை

முதல் வேலை, மூலத்தை நகல் எடுப்பது. சிடியில் இருப்பதை அப்படியே வன்தட்டிலும் பென் டிரைவிலும் போடுங்கள். நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

பிறகு எழுத்துருவின் பெயரைக் கண்டுபிடியுங்கள். வேர்டு கோப்பாக இருந்தால் எளிது. குப்பையாகத் தெரியும் வரியில் கர்சரை வைத்து, மேலே எழுத்துருப் பெட்டியைப் பாருங்கள். எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிட்டாலும் அதன் பெயர் கோப்பில் இருக்கும். தலைப்புக்கு ஒன்று, உரைக்கு ஒன்று என்று இரண்டு மூன்று இருக்கக்கூடும், எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வெறும் உரைக் கோப்பாகச் சேமித்தால் இந்தப் பெயர் போய்விடும். எனவே பெயரைக் குறிக்காமல் அந்த வேலையைச் செய்யவே செய்யாதீர்கள்.

பெயர் கிடைக்கவில்லையென்றால் உரையின் முகத்தைப் பாருங்கள். சாதாரண ஆங்கில எழுத்தாகவும் சொல்லுக்குச் சொல் அரைப்புள்ளியாகவும் இருந்தால் பாமினி வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். அரைப்புள்ளி இருக்குமிடமெல்லாம் மெய்யெழுத்தின் புள்ளி. மேலே கோடும் கொம்பும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளாக நிறைந்திருந்தால் டிஸ்கி, டேப் போன்று மேல்பாதி இடங்களைப் பயன்படுத்திய முறை. ஒரு பத்தியை மட்டும் எடுத்து மாற்றியில் ஒவ்வொரு பெயராகப் போட்டுப் பாருங்கள். சரியான பெயரைப் போட்டதும் தமிழ் தானே எழுந்து நிற்கும்.

பேஜ்மேக்கர் கோப்பென்றால் முன்னால் இன்னொரு கதவு இருக்கிறது. அதன் கடைசிப் பதிப்பான 7 வெளிவந்தது 2001 இல். இன்டிசைனின் சிஎஸ்6 வரையிலான பதிப்புகள் அதைத் திறக்கும். லிபர்ஆபிஸ் என்ற இலவச மென்பொருளிலும் முயன்று பார்க்கலாம். உரையை வெளியே எடுத்த பிறகு மேலே சொன்ன வழிதான்.

அடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஔ, கௌ, வெள், காற்புள்ளி, ஆங்கிலம், ஸ்ரீ, ஜ, ஷ எல்லாம் வரும் பக்கமாகத் தேர்ந்தெடுங்கள். அது சரியாக வந்தால் முழுக்கோப்பையும் மாற்றுங்கள். ஆங்கிலம் கலந்த பத்திகளைத் தனியே எடுத்து வைத்துக் கையால் சேருங்கள்.

பிழை பார்க்கும்போது நம் இலக்கணமே துணைக்கு வரும். பள்ளியில் படித்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். உயிரெழுத்து சொல்லுக்கு முதலில்தான் வரும். அளபெடை வரும் செய்யுளைத் தவிர இடையிலும் கடையிலும் வராது. எனவே சொல்லின் முடிவில் ‘இ’ இருந்தால் அது காற்புள்ளி. சொல்லின் நடுவில் ‘அ’ இருந்தால் அங்கே ஓர் ஆங்கிலச் சொல் சிக்கியிருக்கலாம். ஔகாரக் குறிக்கு மேல் விலங்கோ புள்ளியோ ஏறவே முடியாது. ஏறியிருந்தால் அது ‘வெளி’யோ ‘வெள்ள’மோ. புள்ளி வைத்த ட், ற், ள் சொல்லுக்கு முதலில் வந்தால் ஏதோ உடைந்திருக்கிறது. இவற்றை ஒவ்வொன்றாகத் தேடச் சொல்லித் திருத்தினால் பெரும்பாலான பிழை போய்விடும். மிச்சத்துக்குக் கண்ணால் வாசிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. வாசித்தே ஆக வேண்டும்.

கடைசியாகச் சேமிப்பது. எளிய உரைக் கோப்பாக ஒரு படி, வேர்டு கோப்பாக ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். உரைக் கோப்பில் சேமிக்கும்போது யுடிஎஃப் 8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் இடம் எடுக்கும். பழைய கோப்பைவிடப் பெரிதாக இருந்தால் அது இயல்பே.

பிடிஎஃப் மட்டும் இருந்தால்?

பிடிஎஃப் என்பது பக்கத்தின் தோற்றத்தைக் காக்கும் வடிவம். எழுத்துருவைத் தன்னுள்ளே பொதிந்து வைத்திருந்தால் எந்தக் கணினியிலும் தமிழ் அழகாகத் தெரியும். அந்த அழகை நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். பழைய எழுத்துருவில் செய்ததென்றால் அதே குப்பைதான் வரும். அந்தக் குப்பை ஒழுங்காக இருந்தால் மாற்றியில் போடலாம். வரிசை கலைந்திருந்தால் பக்கத்தைப் படமாக எடுத்து, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் ஓசிஆர் மென்பொருளிடம் கொடுக்க வேண்டும். டெசராக்ட் என்ற இலவச மென்பொருள் தமிழ் படிக்கும். ஓசிஆருக்கு ரகரமும் துணைக்காலும் குழம்பும் என்பதால் அதன் விளைவை வரிக்கு வரி சரிபார்க்க வேண்டும்.

பாட்டுக்கும் படத்துக்கும் விதி வேறு

எழுத்தில் மாற்றம் சரியாக நடந்தால் எதுவும் குறையாது. அட்டவணை இருந்தால் மீண்டும் பழைய எண்ணுக்கே திரும்பிப் போகவும் முடியும். ஒலியும் ஒளிப்படமும் அப்படியல்ல. ஒலித்தட்டான சிடியில் நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து வைத்திருக்கிறார்கள். அதை எம்பி3 ஆக்கும்போது, காதுக்கு எட்டாது என்று கணித்த பகுதிகளை மென்பொருள் நீக்கிவிடுகிறது. நீக்கியது நீக்கியதுதான். எம்பி3ஐ மறுபடி பெரிய கோப்பாக மாற்றினால் அளவு பெருகும். போன ஒலி வராது. ஜேபெக் படத்தைத் திருத்தித் திருத்திச் சேமித்தாலும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும். ஆகவே பாட்டியின் குரலைக் கேசட்டிலிருந்து எடுக்கும்போது முதலில் வேவ் அல்லது ஃபிளாக் வடிவில் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்ப அதிலிருந்து ஒரு எம்பி3 செய்துகொள்ளலாம்.

மூலத்தை மட்டும் எந்த வடிவத்துக்கு மாற்றினாலும் அழிக்கக் கூடாது. இன்றைய மாற்றி செய்த பிழை பத்து ஆண்டு கழித்துத் தெரியவரலாம். அப்போது திரும்பிப் போக மூலம் வேண்டும்.

தமிழில் இதைப் பொறுப்போடு செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் வாழும் கல்யாணசுந்தரம் முன்னின்று, 1998 பொங்கலன்று தன்னார்வலர்களோடு தொடங்கிய மதுரைத் திட்டம் நம் பழைய நூல்களை மின்வடிவில் ஏற்றியது. டிஸ்கி நிலவிய காலத்தில் டிஸ்கியில் கொடுத்தார்கள். ஒருங்குறி வந்ததும் ஒருங்குறிக்கு மாற்றினார்கள். அந்த மாற்றம் நடந்ததால்தான் இன்றைக்கு ஒரு மாணவி செல்பேசியில் ஒரு சொல்லைத் தட்டி அது சங்க இலக்கியத்தில் எங்கே வருகிறது என்று பார்க்க முடிகிறது. இலக்கியத்துக்கு அப்படிப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தார்கள். உங்கள் ஊரின் தாலாட்டுக்கு நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

ஆசிரியரின் கோப்பில் இருந்தது பாமினி. மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிழை பார்க்க இருவருக்குமாக மூன்று நாள் ஆயிற்று. ‘வௌ்ளி’களை எல்லாம் ‘வெள்ளி’ ஆக்கினோம். காற்புள்ளியாக இருந்த ‘இ’களைக் களைந்தோம். முடிந்ததும், “ஐயா, ஏதாவது ஒரு சொல் சொல்லுங்க” என்றேன். கொஞ்சம் யோசித்து, “தொட்டில்” என்றார். தட்டினேன். முதல் தாலாட்டில் மஞ்சள் வண்ணம் ஏறி ஒரு தொட்டில் நின்றது. அடுத்ததை அழுத்த அடுத்தது. அதற்கும் அடுத்தது ஓர் ஒப்பாரியில் வந்தது. அங்கே நிறுத்தச் சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அந்தப் பாட்டை முழுக்கப் படித்தார்.

கிளம்பும்போது பேனா கேட்டார். சிடி உறையின் மேல் 2001 என்று ஏற்கெனவே எழுதியிருந்ததற்குக் கீழே, வகுப்புக் கரும்பலகையில் எழுதும் அதே நிதானமான கையெழுத்தில் எழுதினார்: “எழுத்துரு: பாமினி.”